கிணத்துல சிப்பி வந்தா அது சுனாமியா?

பழைய சுனாமித் தடம் தேடி ராமநாதபுரம் பக்கம் ஃபீல்டுக்குப் போனா இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். கிணறு வெட்டினோம் சார், பத்தடியில மணலும் சிப்பியுமா வருது, அப்ப பழைய காலத்துல சுனாமி வந்திருக்குதானேன்னு கேப்பாங்க. கடல்கோள்னு போட்டு வாட்ஸ்அப்லயும் சுத்தும். பெரும்பாலும் அது சுனாமி இல்லைங்க. சில ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி நம்ம கரையில கடல்மட்டம் இப்ப இருக்கறத விட கொஞ்சம் ஒசரமா இருந்துச்சு, பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் தண்ணிக்கு மேல மேடா செத்த பவளப்பாறை நிக்குதே, அது அந்தக் காலத்து மிச்சம்தான். அப்படி மெதுவா வத்திப்போன கடலோட சிப்பி ரெண்டு ஓடும் பிரியாம வாழ்ந்த இடத்துலயே கிடக்கும், அலை வாரிக்கொண்டு வந்ததுன்னா பெரும்பாலும் ஒடைஞ்சு கலைஞ்சு கிடக்கும்.

சுனாமித் தடத்தை நாங்க கடற்கரை மணல்ல தேடறதில்ல, அது வருஷா வருஷம் புரண்டுக்கிட்டே இருக்கும். மணல்மேட்டுக்குப் பின்னாடி இருக்கற உப்பங்கழி, சதுப்பு, பழைய ஓடை, இங்கதான் சேறு அமைதியா படியும். அங்க பிவிசி பைப்பை அடிச்சு இறக்கி, வெளிய எடுத்து நெடுக்குவாக்குல பிளந்து பாப்போம். அழுகின முட்டை நாத்தத்தோட கருப்புக் களி, அதுக்கு நடுவுல ரெண்டு விரல் தடிமனுக்கு வெள்ளை மணல் இருந்தா நின்னு பாக்கணும். மணலோட அடிப்பக்கம் கத்தியால வெட்டின மாதிரி இருக்கா, கீழ இருக்கற அதே கருப்புக் களி பிஞ்சு உருண்டையா மணலுக்குள்ள மாட்டியிருக்கா, கீழ பருமணலும் மேல போகப்போக நைஸாவும் ஆகி, திரும்ப இன்னொரு தடவை பருமணல்ல ஆரம்பிக்குதா? அப்படின்னா ஒண்ணுக்கு மேல அலை வந்திருக்கலாம். மைக்ரோஸ்கோப்ல ஆழ்கடல்ல வாழற ஃபோரமினிஃபெராங்கற ஒரு செல் உயிரியோட ஓடு தெரிஞ்சா சந்தேகம் இன்னும் பலமாகும்.

ஆனா நம்ம ஊர்ல புயலும் மணலைக் கொண்டு வந்து போடும், 1964 டிசம்பர்ல தனுஷ்கோடியை அழிச்சதே அதுதான். புயல் மணல் பொதுவா மெல்லிசா பல அடுக்கா இருக்கும், கரையை விட்டு ரொம்ப உள்ள போகாது. சுனாமி மணல் உள்நாட்டுப் பக்கம் மெலிஞ்சுக்கிட்டே தூரமா போகும். இதுவும் கறார் விதி இல்ல, அதனாலதான் ஒரே ஒரு பைப்ல எடுத்த மண்ணை வெச்சு யாராவது சுனாமின்னு அறிவிச்சா நான் நம்பறதில்ல, கரையிலிருந்து உள்ள வரைக்கும் வரிசையா குழி போட்டு அதே அடுக்கு தொடருதான்னு பாக்கணும். வயசு கண்டுபிடிக்க, மணலுக்கு மேலயும் கீழயும் இருக்கற செடிகொடி மிச்சத்துல கார்பன் டேட்டிங் பண்ணுவோம். சமீபத்துதுன்னா சீசியம்-137ங்கற கதிரியக்கப் பொருளைப் பாப்போம், அணுகுண்டு சோதனையால அது 1963 வாக்குல உச்சத்துல விழுந்துச்சு, அந்த உச்ச அடுக்கை ஒட்டி மேலயே மணல் இருந்தா 64 புயலைத்தான் முதல்ல நெனைக்கணும்.

2004 சுனாமில நாகப்பட்டினம் பட்ட பாடு நம்ம ராமநாதபுரத்துக்கு வரல, இலங்கை குறுக்க நின்னுச்சு. இனிமேலும் வராதுன்னு சொல்றவங்களப் பாத்தா எனக்கு பயமா இருக்கு, அது ஒரே ஒரு நிலநடுக்கம், ஒரே ஒரு திசை. தாய்லாந்துல ப்ரா தோங் தீவுல 2004 மணலுக்குக் கீழயே பழைய மணல் அடுக்குகள் கிடைச்சுது, அதுல கடைசியா வந்ததுக்கே 550லிருந்து 700 வருஷம் ஆகுது, ஊர்ல யாருக்கும் ஞாபகமே இல்ல. ஜப்பான்ல 869ல வந்த ஜோகன் சுனாமியோட மணல் செண்டாய் சமவெளியில கிலோமீட்டர் கணக்குல உள்ள கிடக்குன்னு 2011க்கு முன்னாடியே எழுதிட்டாங்க, திட்டம் போடறவங்க அதை முழுசா எடுத்துக்கறதுக்குள்ள அலை வந்துருச்சு. காவிரிப்பூம்பட்டினத்துலயும் சோழர் காலத்து சுனாமிப் படிவுன்னு ஒரு ஆய்வு வந்திருக்கு.

நம்ம மாவட்டத்துல இந்த மாதிரி பதிவு இருக்கக்கூடிய கழியோரத்தைத்தான் இறால் பண்ணைக்கு ஜேசிபி வெச்சு அள்ளறாங்க. ஒரு நாள்ல போயிரும், திரும்பக் கிடைக்காது. பண்ணையோ கிணறோ அஸ்திவாரமோ, தோண்டும்போது கருப்புக் களிக்கு நடுவுல வெள்ளை மணல் பட்டை தெரிஞ்சா ஒரு ஸ்கேல் வெச்சு போட்டோ எடுங்க, எத்தனை அடி ஆழம்னு குறிச்சுக்கங்க, போன்ல லொகேஷனை சேவ் பண்ணிட்டு பக்கத்துல இருக்கற யுனிவர்சிட்டி ஜியாலஜி டிபார்ட்மெண்டுக்குச் சொல்லுங்க. மணலை நீங்களா அள்ளி கவர்ல போட வேண்டாம், அந்த மணல் கடைசியா எப்ப வெயில் பட்டுச்சுங்கறதை வெச்சும் வயசு கண்டுபிடிப்போம், வெளிச்சம் பட்டா அது அழிஞ்சிரும். சிப்பியையும் பிடுங்கிக் கழுவிடாதீங்க, அது எப்படிக் கிடந்துச்சுங்கறதுதான் எங்களுக்கு வேணும்.