பிளாஸ்டிக் கவருக்குத் தடை இருக்கிறது. அடுப்படியில் சேர்ந்த கவரை என்ன செய்வது?

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் காய் வாங்கப் போனால், "இது 120 மைக்ரான் கவர், இதுக்குத் தடை கிடையாது" என்று சொல்லிக் கொடுக்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தக் கணக்கு செல்லாது.

மைக்ரான் என்பது பையின் கனத்தைச் சொல்லும் அளவு. 120 மைக்ரான் என்பது மத்திய அரசின் விதி. அதைவிட மெல்லிய பைகளுக்கு 2022 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்கத் தடை. தமிழக அரசின் ஆணை அதற்கு முன்பே, 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது மைக்ரானே பார்ப்பதில்லை. எவ்வளவு கனமாக இருந்தாலும் பிளாஸ்டிக் பை கூடாது. சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் தாள், பூச்சுப் பூசிய காகிதக் கப், தண்ணீர் பாக்கெட் எல்லாம் சேர்த்து 14 பொருள்கள் அந்தப் பட்டியலில் உண்டு. பால் பாக்கெட்டுக்கு விலக்கு.

துணிப்பை போலத் தெரியும் ஜவுளிக்கடைப் பைகளில் பலவும் பிளாஸ்டிக்தான். நெய்த இழை இல்லாமல் புள்ளி புள்ளியாக அழுத்தியிருந்தால் அதுவும் தடைப் பட்டியலில் உள்ளதே.

மாட்டினால் மளிகைக்கடைக்கு முதல் முறை 1,000 ரூபாய் அபராதம், அடுத்து 2,000, பிறகு 5,000. தரைக்கடை போன்ற சிறு வியாபாரிக்கு 100, 200, 500. கூடையில் கீரை விற்கும் அம்மாவுக்கு 100 ரூபாய் சின்னத் தொகை இல்லை. நாம் மஞ்சப்பையோடு போனால் அவருக்கு அந்தப் பயமே வேண்டாம்.

சரி, ஏற்கெனவே வீட்டில் சேர்ந்துவிட்டவை? மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்த பையில் சாப்பிடத் தயாரான உணவை வைக்கவோ கொண்டுபோகவோ கூடாது என்று 2016 விதிகள் சொல்லின. 2021 திருத்தத்துக்குப் பிறகும், உணவுப் பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்ட பைக்குத்தான் அனுமதி. மீன், கறி வாங்கும்போது வரும் கறுப்புக் கவர் பெரும்பாலும் மறுசுழற்சி ரகம். அதைக் கழுவி மாவோ தேங்காய்த் துருவலோ போட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். சூடான சாம்பாரை எந்தக் கவரிலும் ஊற்றாதீர்கள். கருவேப்பிலை, கொத்தமல்லியை ஈரத்துணியில் சுற்றி வைத்தாலே வாடாது. பழைய கவர்கள் செருப்பு வைக்க, ஊருக்குப் போகும்போது ஈரத்துணி சுற்ற உதவட்டும். காய்கறித் தோலைக் கவரில் கட்டிப் போடுவதுதான் பெரிய கெடுதல். அந்தத் தோல் எருவாகவும் ஆகாது, கவரை மறுசுழற்சிக்கும் எடுக்க முடியாது.

அடுப்பில் போட்டு எரிக்கவே கூடாது, அந்தப் புகை நஞ்சு. வாய்க்காலிலும் வீசாதீர்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் வரும்போது இந்தக் கவர்கள்தான் மதகில் போய் அடைக்கின்றன. கடைமடை வயல் காய்கிறது.

கிழிந்ததைக் கழுவிக் காயவைத்து, மக்காத குப்பையாகத் தனியே சேர்த்து, ஊராட்சியில் தூய்மைக் காவலரிடமும் நகரத்தில் தூய்மைப் பணியாளரிடமும் கொடுங்கள். பால் கவரைக் கழுவிச் சேர்த்து வைத்தால் பழைய சாமான் வாங்குபவரே எடுத்துக்கொள்வார்.