ஐயா காலத்துக் காரை வெளியே எடுக்கும் முன்

தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் கார் ஷெட் கதவுகள் திறக்கும். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டுக்குச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குவார்கள். வெள்ளையடிப்பார்கள், ஆத்தங்குடிக் கல்லைத் தேய்த்துத் துடைப்பார்கள், கடைசியில்தான் பின்கட்டில் நிற்கும் காரின் ஞாபகம் வரும். உடனே எனக்கு ஃபோன். "அண்ணே, வர்ற வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு. ஐயா காலத்துக் காரை வெளியே எடுக்கணும். ஒரு பேட்டரிய மாட்டி, பாலிஷ் போட்டுக் குடுத்துருங்க."

காரைக்குடியில் பட்டறை வைத்திருப்பவன் நான். இந்த வட்டாரத்துப் பழைய கார்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்தின் வண்டிகளைப் பார்த்துக் கொடுப்பதும் என் வேலைதான். வெள்ளிக்கிழமை அவசரத்துக்கு நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றே: காரை முகப்பில் நிறுத்தி மாலை போடுங்கள், ஃபோட்டோ எடுங்கள், மாப்பிள்ளையை வேறு வண்டியில் ஏற்றுங்கள். கோபித்துக்கொண்டு வேறு மெக்கானிக்கைத் தேடிப் போனவர்களும் உண்டு. போகட்டும்.

எங்கள் சங்கத்தில் அம்பாசிடரும் பத்மினியும்தான் அதிகம். இரண்டு மூன்று ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மோரிஸ் மைனர், ஆஸ்டின் ஏ40 உண்டு. ஆஸ்டினையும் ஹெரால்டையும் சீமைக் கார் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் மெட்ராசில் முதலில் பாகங்களைப் பூட்டி விற்றது ஆஸ்டின் கார்களைத்தான். லேலண்டு லாரியெல்லாம் அதற்குப் பிறகு. ஹெரால்டும் மெட்ராஸ் தயாரிப்பே. போருக்கு முந்தைய அமெரிக்கக் கார்கள் சில பெரிய வீட்டு ஷெட்டுகளில் நிற்கின்றன. அவை சங்கத்துக்கு வருவது அபூர்வம். ஞாயிறு காலை வெயில் ஏறுமுன் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி என்று ஒரு சுற்று, வழியில் காப்பி, திரும்பி வந்து ஒரு மணி நேரம் வாக்குவாதம். பெயிண்ட் பழைய நிறம்தானா, ஹப் கேப் அசலா நகலா என்பதில்தான் பாதி வாதம் போகும். பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று யாரும் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

வாராவாரம் ஓடும் காரால் பெரிய தொல்லை வருவதில்லை. ஏதாவது சத்தம் கேட்டால் ஓட்டுகிறவருக்கே தெரிந்துவிடும். வருடத்துக்கு ஒருநாள் வெளியே வரும் கார்தான் என்னைப் பயமுறுத்துகிறது. அன்றைக்குத்தான் அதில் ஆறேழு பேர் ஏறுவார்கள், முன்னால் மேளமும் கூட்டமும் போகும், ஸ்டியரிங்கில் அந்த வண்டியின் குணம் தெரியாத ஒரு மருமகப்பிள்ளை உட்கார்ந்திருப்பார்.

முதலில் பிரேக். இன்றைய கார்களில் பிரேக் இரண்டு தனித்தனி வழியாகப் போகிறது. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். நம் பழைய கார்களில் பெரும்பாலும் ஒரே வழி. நான்கு சக்கரத்தில் எந்த ஒன்றின் சிலிண்டர் கசிந்தாலும் நான்கும் போச்சு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140-க்கு இறங்கிவிடலாம். சூட்டில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாகிவிடும். அந்த ஈரமே சிலிண்டரின் உள்சுவரைத் துருப்பிடிக்க வைத்து, ரப்பர் கப்பை அறுக்கும். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுக்க மாற்றுங்கள்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு அம்பாசிடர். ஷெட்டுக்குள் பெடலை மிதித்தால் கல் மாதிரி நின்றது. உரிமையாளருக்கு ஏக சந்தோஷம். "மிதித்தபடியே காலை எடுக்காமல் ஒரு நிமிடம் இருங்கள்" என்றேன். பெடல் மெல்ல மெல்லப் பலகைவரை இறங்கியது. வெளியே ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பர் தேய்ந்து ஆயில் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் சோதனைக்கு மெக்கானிக் தேவையில்லை, யாரும் செய்யலாம். பெடல் இறங்கினால் வண்டி நகரக்கூடாது. பம்ப் அடித்தால் பிடிக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். குறுக்கே ஆடு ஓடிவரும்போது பம்ப் அடிக்க நேரமிருக்காது. ஆயில் குறைந்தால் கைக்குக் கிடைத்த இன்ஜின் ஆயிலை ஊற்றும் பழக்கமும் இங்கே இருக்கிறது. அது பட்டால் ரப்பர் ஊதிப்போய் மொத்த பிரேக்கும் வீண்.

1930-களின் பல கார்களில் ஆயில் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக்கே கிடையாது, ராடும் கேபிளும்தான். ஃபோர்டு கூட 1939 மாடலில்தான் ஹைட்ராலிக்குக்கு மாறியது. அப்படிப்பட்ட காரைத் திருச்சி - ராமேசுவரம் நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே விடுவதற்கு எந்தப் பெருமையும் காரணமாகாது. ஊருக்குள் இருபது கிலோமீட்டர் வேகம் போதும்.

பிரேக் டிரம்மைக் கழற்றும் பையன்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. கம்ப்ரசர் காற்றடித்து அந்தத் தூசியை ஊதுவதுதான் நம் பட்டறைகளின் வழக்கம். அதனால் நுரையீரலுக்கு வரும் கேடு இருபது முப்பது வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் கட்டித் தூரப் போடுங்கள்.

அடுத்தது பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க நின்றபோதும் பழைய கார்க்காரர்கள் கவலைப்பட்டார்கள். அது இன்ஜினில் வால்வு உட்காரும் சீட்டை மெதுவாகத் தேய்க்கும் பிரச்சினை. இன்ஜின் ஹெட்டைக் கழற்றும்போது கெட்டியான சீட் போட்டுச் சமாளித்தோம். எத்தனால் அப்படிக் காத்திருக்காது. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயஃப்ரம் இரண்டையும் இளகவோ வெடிக்கவோ வைக்கும். போருக்கு முந்தைய சில கார்புரேட்டர்களில் மிதவை தக்கையால் ஆனது; மேலே அரக்கு வார்னிஷ் பூசியிருப்பார்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும். பூச்சு போனால் தக்கை பெட்ரோலைக் குடித்து மூழ்கும், கார்புரேட்டர் நிரம்பி வழியும். வழிவது சூடான எக்ஸாஸ்ட் மேல்.

டேங்க்கில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் அதோடு கூட்டுச் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். இரும்பு டேங்க் அங்கிருந்துதான் ஓட்டையாகும். ஆகவே காரை நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்கி மாற்றுங்கள், பெரிய செலவில்லை. விலை கூடிய பெட்ரோல் போட்டால் போதும் என்று சிலர் நம்புகிறார்கள். ஆக்டேன் கூடுதல் என்பதால் எத்தனால் இல்லை என்று ஆகிவிடாது. காருக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் சாவியைத் திருப்பவே வேண்டாம். தீயணைப்பான் ஒன்று டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், டிக்கியில் அல்ல.

சித்திரை வெயிலில் நடுவழியில் நின்றுபோய், அரைமணி கழித்துத் தானே ஸ்டார்ட் ஆனால் அது பெரும்பாலும் வேப்பர் லாக். பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகிவிட்டது. பம்ப்பின் மேல் ஈரத்துணி போடும் பழைய டிரைவர்களின் வைத்தியம் இன்றும் பலிக்கிறது.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாடியோடு இணைந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. சிலது 6 வோல்ட் வேறு. இது தெரியாமல் பக்கத்து வீட்டு இன்னோவாவிலிருந்து வயர் இழுத்து ஜம்ப் கொடுத்தால் புகைதான் வரும். நூல் சுற்றிய பழைய வயரை எலி கடித்திருக்கும். கடலோர ஊர்களைப் போல நம் செம்மண்ணில் பாடி துருப்பிடிப்பதில்லை, அந்தப் புண்ணியம் இருக்கிறது. அதற்குப் பதில் எலியும் கரையானும்.

ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்வதை வீடியோ எடுக்க இளவட்டங்களுக்கு ஆசை. இன்ஜின் திருப்பி உதைத்தால் கட்டைவிரலோ மணிக்கட்டோ முறியும். கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள், அழுத்தாதீர்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும். ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஜினை ஓடவிடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

இதெல்லாம் காசும் பொறுமையும் இருந்தால் சரியாகிற விஷயம். சங்கத்தில் உண்மையான தலைவலி வேறு: கார் யாருடையது?

பெரிய வீட்டைப் போலவே காரும் பங்காளிகளுக்குப் பொது. ஆர்சி புத்தகம் ஐயா பெயரில். அவர் காலமாகிப் பல வருடம். பிள்ளைகள், பேரன்கள் என்று பங்கு பிரிந்துகொண்டே போயிருக்கும். பத்துப் பேர் அடித்தால் பாம்பு சாகாது என்பார்களே, அந்தக் கதைதான்: விற்க ஒருவர் சம்மதித்தால் இன்னொருவர் மாட்டார், பிரேக் கிட்டுக்கு இரண்டாயிரம் கேட்டால் எல்லோரும் அடுத்தவரைப் பார்ப்பார்கள். ஒரு பங்காளி வீட்டு வளவில், காரைத் தொடக்கூடாது என்று சண்டை போட்ட இரண்டு பங்காளிகளும் டயர் தரையில் ஒட்டிக் கிடந்ததைக் கவனிக்கவே இல்லை.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. உரிமையாளர் இறந்தால் வண்டியை வைத்திருப்பவர் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் மூன்று மாதம் ஓட்டலாம், அதற்குள் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31 கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸும் இறந்தவர் பெயரில் மூன்று மாதம் அல்லது பாலிசி முடியும் நாள், இதில் எது முதலோ அதுவரைதான் நிற்கும். அதற்குப் பிறகு விபத்து நடந்து ஒருவருக்குக் காயம்பட்டால் நஷ்டஈடு ஓட்டியவர் தலையிலும் குடும்பத்தின் தலையிலும் விழலாம். கல்யாணத்துக்கு எல்லாப் பங்காளிகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் அந்த இரண்டு நாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வாரிசுச் சான்றிதழும் மற்றவர்களின் ஆட்சேபனையில்லாக் கடிதமும் சேர்ந்தால்தான் ஆபீசில் நகரும். தலைமுறை தாண்டிவிட்டால் வக்கீலைப் பாருங்கள்.

2021-இல் வந்த விண்டேஜ் விதியைப் பற்றியும் அதிகம் கேட்கிறார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான வண்டிகளுக்கு அது. சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. பெட்ரோல் விலைக்குப் பயந்து ஒரு காலத்தில் டீசல் இன்ஜின் ஏற்றிய கார்கள் நம் பக்கம் நிறைய; அவை இங்கேயே தடுக்கி விழும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான கார் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிவதற்கு எண்ணில் 'விஏ' எழுத்துகள் வரும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியத்தில் பாதி தள்ளுபடியும் உண்டு. ஆனால் அந்தப் பதிவில் இருக்கும் காரைக் கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்றுதான் சாலையில் எடுக்கலாம். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் இடமில்லை. தினமும் கடைத்தெருவுக்குப் பத்மினியில் போகிறவர் அதைத் தொடாமல், ஐந்து வருடத்துக்கொருமுறை எஃப்சி பார்த்துச் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு போவதே நல்லது என்பது என் கருத்து.

வாடகை என்றதும் ஷூட்டிங்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். வீட்டைப் பார்க்க வந்தவர்கள் காரையும் கேட்பார்கள். ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோகப் பதிவுள்ள காரைக் காசுக்குக் கொடுப்பது, அது சினிமாவாக இருந்தாலும் கல்யாணமாக இருந்தாலும், பாலிசி நிபந்தனைக்கு விரோதம். நட்டமானால் கம்பெனி கைவிரிக்கும். இன்னொன்று, ஷூட்டிங் முடிந்து வந்த காரில் ஹெட்லைட் வளையமோ பானெட் பொம்மையோ குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இப்படிப்பட்ட உதிரிகள் அலங்காரப் பொருளாக விலைபோகின்றன. கூடுமானால் உங்கள் டிரைவரைக் கூடவே அனுப்புங்கள்.

சங்கத்தில் இப்போது ஒரு காரியம் தொடங்கியிருக்கிறோம். காருக்கு ஒரு தாள். ஷெட் கதவின் உள்பக்கம் ஒட்டுவது. ஆர்சி யார் பெயரில், புத்தகம் எந்தப் பெட்டியில், 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, பாடியில் இருப்பது பாசிட்டிவா நெகட்டிவா, பிரேக் ஆயில் மாற்றிய தேதி, டயர் தேதி. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் வருடத்து 23-ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், பட்டன் எவ்வளவு தேயாமல் இருந்தாலும் கழற்றிவிடுங்கள். ஆர்சி புத்தகத்தைப் பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். அதில் இன்னும் சீல் போட வேண்டியிருக்கும்.