நிறம் மங்கிய முக்குளிப்புக் கருவியை எவ்வளவு நம்பலாம்?

முக்குளிப்புப் படகில் ஏறுபவரை அவருடைய கருவிகளை வைத்தே எடைபோடுவது பலருக்கு வழக்கம். வெயிலில் வெளுத்த மிதவைச் சட்டையும் (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் சட்டை) முழங்காலில் ஒட்டுப்போட்ட வெட்சூட்டும் (குளிரைத் தடுக்கும் ரப்பர் உடை) அணிந்து வருபவரை அனுபவசாலி என்று எடுத்துக்கொள்வார்கள். முகமூடி முதல் காலில் மாட்டும் துடுப்பான ஃபின் வரை ஒரே நிறத்தில், பளபளவென்று வந்து இறங்குபவரைப் பார்த்தாலோ, இவர்மீது நீருக்கடியில் ஒரு கண் இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வார்கள். இதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது; புதுக் கருவியைக் காசு கொடுத்து ஒரே நாளில் வாங்கிவிடலாம், அது பழசாவதற்குக் காலம் பிடிக்கும். ஆனால் கருவியின் தோற்றம் அணிந்திருப்பவரைப் பற்றி ஓரளவு சொன்னாலும், அந்தக் கருவி எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. கண்ணில் படும் தேய்மானம் ஓரிடத்தில் நடக்கிறது. ஆபத்தில் கொண்டுபோய் விடும் தேய்மானம் பெரும்பாலும் வேறிடத்தில் நடக்கிறது.

வெளுப்பையே எடுத்துக்கொள்வோம். துணிக்கு நிறம் தருவது சாய மூலக்கூறுகளில் தொடராக அமைந்திருக்கும் இரட்டைப் பிணைப்புகள். புற ஊதாக் கதிர் அவற்றை உடைக்கும்போது நிறம் போகிறது. நீச்சல் குளத்துக் குளோரினும் அதே வேலையைச் செய்வதால், குளத்தில் மாணவர்களுக்குக் கற்றுத்தரும் பயிற்சியாளரின் சட்டை சீக்கிரம் வெளுத்துவிடுகிறது. ஒரு மணி நேரம் கடலுக்குள் இருந்துவிட்டு மீதி நாள் முழுவதும் படகின் மேல்தளத்தில் கிடக்கும் கருவிக்கு வெயில்தான் முக்கிய எதிரி. நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துபவரின் கருவி பல ஆண்டுகளுக்குப் பிறகும் புதிதாகவே தெரியும். ஆகவே வெளுப்பு, எத்தனை முறை மூழ்கினார் என்பதைக் காட்டிலும் எவ்வளவு நேரம் வெயிலில் போட்டுவைத்தார் என்பதையே அதிகம் காட்டுகிறது; அதை அனுபவத்தின் பதக்கமாகக் கொள்வது, என் மதிப்பில், சற்று அவசரப்பட்ட முடிவு.

நிறப் பொருத்தத்தின் பெருமையும் படகோடு சரி. நீர் சிவப்பு ஒளியை மற்ற நிறங்களுக்கு முன்பே உறிஞ்சிவிடுவதால், தெளிந்த கடலிலும் 20 மீட்டர் ஆழத்தில் சிவப்பு ஃபின் மங்கிய பழுப்பாகவோ சாம்பலாகவோதான் தெரியும். நீல ஒளியை உறிஞ்சி வேறு நிறத்தில் உமிழும் ஒளிர்சாயம் பூசிய மஞ்சளும் ஆரஞ்சும் மட்டும் அங்கேயும் பளீரென்று நிற்கும். உடன் மூழ்கும் துணையாள் தொலைவிலிருந்து கண்டுகொள்ள அது உதவும்.

புதுக் கருவிக்கென்றே சில குறைகள் உண்டு. கடையிலிருந்து வந்த முகமூடியை அப்படியே போட்டுக்கொண்டு மூழ்கினால், கண்ணாடி சில நிமிடங்களில் பனிமூட்டம் போல மறைத்துவிடும். தயாரிப்பின்போது சிலிக்கோனிலிருந்து மிக மெல்லிய படலம் ஒன்று கண்ணாடியின் உட்புறத்தில் படிந்திருப்பதே காரணம். முகத்திலிருந்து எழும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும், அந்தப் படலத்தின்மேல் பரவ முடியாமல் நுண்துளிகளாகத் திரண்டு ஒளியைச் சிதறடிக்கிறது. பற்பசையை விரலில் எடுத்துத் திரும்பத் திரும்பத் தேய்த்துப் படலத்தை நீக்கிய பிறகுதான், உமிழ்நீரோ நீர்த்த குழந்தை ஷாம்புவோ தடவினால் ஈரம் துளிகளாகாமல் ஒரே தாளாகப் படர்ந்து, பார்வை தெளிவாக இருக்கும். பழைய முகமூடியில் இந்தத் தொல்லை குறைவு.

வெட்சூட்டின் கதை இன்னும் சுவையானது. நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் 1930-இல் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவானது. அதை நுரையாக்கிய வடிவில் உடையாகத் தைக்கலாம் என்று 1950-களின் தொடக்கத்தில் செய்து காட்டியவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பணிபுரிந்த இயற்பியலர் ஹியூ பிராட்னர். நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அந்த இழப்பைத் தடுப்பது ரப்பர் மட்டுமல்ல, அதற்குள் அடைபட்டிருக்கும் வாயுக் குமிழ்களும்தான். குளியல் பஞ்சின் துளைகளைப் போல இவை ஒன்றோடொன்று இணைந்திருப்பதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே மூடப்பட்ட அறை. 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகி வாயுவின் கன அளவு பாதியாகிறது. 30 மீட்டரில் நான்கில் ஒரு பங்காகிறது. ரப்பர்ச் சுவர்கள் ஓரளவு தாக்குப்பிடித்தாலும் உடை கணிசமாக மெலிந்து, கதகதப்பும் மிதப்பும் சேர்ந்தே குறைகின்றன.

மேலே வந்ததும் குமிழ்கள் மீண்டும் விரியும், ஆனால் ஒவ்வொரு முறையும் முழுமையாக அல்ல. நாளடைவில் சில அறைகளின் சுவர் கிழிகிறது, சிலவற்றிலிருந்து வாயு மெல்ல ஊடுருவி வெளியேறுகிறது, ரப்பரும் இறுகிப்போகிறது. வெளித்துணி நன்றாக இருக்க, உள்ளே உடை மெலிந்துவிடுகிறது. இதனால் பழைய உடையில் குளிர் தெரிவது ஒருபுறம் இருக்க, உடையின் மிதப்பை ஈடுகட்டக் கட்டிக்கொள்ளும் ஈயக் கட்டிகளின் கணக்கும் மாறுகிறது. பழைய உடைக்குப் பழகிய எடையோடு புது உடையில் இறங்குபவர் தொடக்கத்தில் எப்படியோ மூழ்கிவிடலாம். சிக்கல் கடைசியில்தான் வரும். பரவலாகப் பயன்படும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டரில் நிறைந்திருக்கும் காற்று மட்டுமே இரண்டரை கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். அதில் பெரும்பகுதி தீர்ந்த பிறகு, மேலேறும் வழியில் 5 மீட்டரில் நிதானித்து நிற்க வேண்டிய இடத்தில், விரிந்துகொண்டிருக்கும் புது உடை அவரை மேலே இழுத்துக்கொண்டு போய்விடும்.

சிலிண்டர் காற்றை மூச்சிழுக்கும் அளவுக்குக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரில் தோற்றம் அடியோடு ஏமாற்றும். சிலிண்டரின் 200 பார் அழுத்தத்தை, சூழ்ந்திருக்கும் நீரழுத்தத்துக்கு மேல் 9 அல்லது 10 பார் என்ற அளவுக்கு இறக்கித் தருவது அதன் முதல் கட்டம். அங்கே கூரிய விளிம்புள்ள உலோக வாயும், அதை அடைக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் இருக்கையும் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒருமுறை பிரிந்து சேர்கின்றன. காலப்போக்கில் இருக்கையில் வட்டமாக ஒரு பள்ளம் விழுகிறது. பழுதுபார்ப்பவர், முதல் கட்டம் இறக்கித் தரும் அழுத்தத்தைக் காட்டும் இடைநிலை அழுத்தமானியைப் பொருத்திக் காற்றை ஒருமுறை வெளியேற்றிவிட்டு முள்ளைப் பார்ப்பார். முள் சட்டென்று ஓரிடத்தில் நின்றால் இருக்கை நலம்; நின்ற பிறகும் மயிரிழை மயிரிழையாக ஏறிக்கொண்டே போனால் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த மிகை அழுத்தம் வாயருகே இருக்கும் இரண்டாம் கட்டத்தைத் தானே திறந்துவிடும். காற்று நின்றுபோவதற்குப் பதிலாகப் பீறிட்டு வரும்படி அதை வடிவமைத்திருப்பதால் உடனே மூச்சுமுட்டாது, ஆனால் சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும். வெளியே குரோமியப் பூச்சு மின்னிக்கொண்டே இருக்கும்.

நுழைவாயிலில் உள்ள சிறிய உலோக வடிகட்டி இதைவிட உண்மை பேசும். அது பச்சை பூத்திருந்தால் உப்புநீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் எஃகுச் சிலிண்டருக்குள் துரு இருக்கிறது. ஹோஸ்களிலும் இதே முரண் உண்டு. பழைய ரப்பர் ஹோஸ் பொருத்தியின் அருகே வெடிப்பு விட்டு எச்சரிக்கும். பார்க்க அழகான, வண்ணப் பின்னல் போட்ட சில ஹோஸ்களிலோ, ஈரமும் வெப்பமும் சேர்ந்து உள்ளுறையைச் சிதைத்து, உதிர்ந்த துகள்கள் காற்றுப் பாதையை அடைத்ததுண்டு. பின்னல் கடைசிவரை புதிதாகவே தெரிந்தது.

ஒரே மாதிரிக் கருவி என்பது வெறும் அலங்காரம்தானா என்றால், வடக்கு ஃபுளோரிடாவின் நீரடிக் குகைகளில் அதற்கு வேறு பொருள் உண்டு. அங்கே வில்லியம் ஹோகார்த் மெய்ன் என்ற குகை முக்குளிப்பாளரின் பெயரால் வழங்கும் அமைப்புமுறையில், சுமார் 2.1 மீட்டர் நீள ஹோஸில் இணைந்த ரெகுலேட்டரை ஒவ்வொருவரும் வாயில் வைத்திருப்பார்கள். மாற்று ரெகுலேட்டர் கழுத்தில், தாடைக்குக் கீழே தொங்கும். காற்று தீர்ந்த துணையாளுக்குத் தன் வாயில் இருப்பதையே கொடுத்துவிட்டு, தான் கழுத்தில் இருப்பதற்கு மாறுவார். இருவரும் ஒருவர் பின் ஒருவராக இடுக்கான வழியில் நீந்தி வெளியேற அந்த நீளம் தேவை. வண்டல் கிளம்பிக் கை நீட்டினால் விரல் தெரியாத இருட்டிலும் எது எங்கே இருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அந்த ஒற்றுமையின் நோக்கம். ஒருவருடையது புத்தம் புதிதாகவும் மற்றவருடையது பெயின்ட் உரிந்தும் இருந்தால் அதைப் பற்றி அங்கே கவலையில்லை.

சிலிண்டரிலும் பெயின்ட் ஒரு பொருட்டில்லை. அமெரிக்க விதிப்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதை நீரால் நிரப்பி, இயங்கு அழுத்தத்தைப் போல் சுமார் 1.67 மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றி, எவ்வளவு விரிகிறது, அழுத்தத்தை நீக்கியபின் எவ்வளவு மீளாமல் நிற்கிறது என்று அளப்பார்கள். மீளாத விரிவு மொத்த விரிவில் 10 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தச் சிலிண்டரைக் கழித்துவிடுவார்கள். தேறிய சிலிண்டரின் தோள்பகுதியில் மாதமும் ஆண்டும் பொறிக்கப்படும். காற்று நிரப்பும் இடத்தில் இருப்பவர் முதலில் தேடிப் பார்ப்பது அந்தத் தேதியைத்தான்.