பட்டியல் முதலில், பண்டம் பிறகு

அஞ்சல்வழி வணிகம் தொடங்க விரும்பி ஆலோசனைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கையில் ஒரு மாதிரிப் பொருளோடு வருகிறார்கள். அதை என் மேசைமேல் வைத்துவிட்டு, "இது ஓடுமா?" என்று கேட்கிறார்கள். சிறு வணிகங்களின் வரவு செலவையும் விளம்பரச் செலவையும் பார்த்துச் சொல்வது என் தொழில் என்பதால், பொருளைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே நான் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பது வழக்கம்: "இதை வாங்கக்கூடிய இருநூறு பேர் எங்கே கூடுகிறார்கள், அவர்களை எப்படி எட்டுவது என்று சொல்ல முடியுமா?" பலர் அப்போதுதான் அதைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். "எல்லோருக்கும் பயன்படும் பொருள்தானே" என்று ஒருவர் பதில் சொன்னால், அவருடைய முதல் எங்கே கரையப்போகிறது என்பது எனக்கு ஏறத்தாழப் புரிந்துவிடும்.

கடைக்கு ஒரு வாசல் உண்டு. வேறு வேலையாகப் போகிறவர்கூடக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொருளைப் பார்த்துவிட்டு உள்ளே நுழையக்கூடும். அந்தப் பார்வை, வாடகையோடு சேர்ந்தே கடைக்காரருக்குக் கிடைத்துவிடுகிறது. அஞ்சல்வழி வணிகருக்கு வாசல் இல்லை. ஒருவர் தம் பொருளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றாலும் அதற்குக் கடிதமாகவோ விளம்பரமாகவோ அவர் தனியாகக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. வாங்க வாய்ப்பே இல்லாதவர் பார்த்தாலும் அதே காசுதான். ஆகவே இந்தத் தொழிலில் 'எல்லோருக்கும்' என்ற சொல்லுக்குப் பொருள், பெரும்பகுதிச் செலவு வீண் என்பதே.

முன்னோடிகள் இதைத் தெளிவாக அறிந்திருந்தார்கள். சிகாகோவில் 1872இல் ஆரோன் மான்ட்கமரி வார்டு வெளியிட்ட முதல் விலைப்பட்டியல் ஒரே ஒரு தாள். அதில் இருந்தவை 163 பொருட்கள். அவர் அதற்கு முன் ஊர் ஊராகச் சென்ற விற்பனைப் பிரதிநிதி. கிராமத்துக் கடைகளின் விலையைப் பற்றி விவசாயிகள் குறைப்பட்டுக்கொள்வதை நேரில் கேட்டவர். ஆனால் அவர் 'விவசாயிகள்' என்ற பெருங்கூட்டத்தை நோக்கிப் பொத்தாம்பொதுவாகக் கடை விரிக்கவில்லை. 'கிரேஞ்ச்' என்ற விவசாயிகள் சங்கத்தின் உறுப்பினர்களைப் பிடித்துக்கொண்டார். சங்கம் என்றால் கிளைகள் உண்டு, கூட்டங்கள் உண்டு, உறுப்பினர்களும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். 1912இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லியான் லியான்வுட் பீன், அடிப்பகுதி ரப்பராலும் மேல்பகுதி தோலாலும் ஆன வேட்டைக்காலணியை விற்கத் தொடங்கியபோது செய்தது இதைவிடக் கச்சிதமானது. வெளிமாநிலங்களிலிருந்து மெய்னுக்கு வந்து வேட்டையாட உரிமம் பெற்றவர்களின் பட்டியலை எடுத்து, அவர்களுக்கு மட்டும் அஞ்சலில் துண்டறிக்கை அனுப்பினார். அந்தப் பட்டியலில் இருந்த ஒவ்வொருவரும் ஈரக்காட்டில் நடக்கப்போகிறவர். ஓய்வுக்காகப் பணம் செலவழிக்கத் தயங்காதவர். ஆனால் முதலில் விற்ற 100 இணைகளில் 90 இணைகளில் ரப்பர் தோலிலிருந்து பிரிந்து, அவை திரும்பி வந்தன. அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கடன் வாங்கிக் காலணியைத் திருத்திச் செய்தார். பொருளில் குறை இருந்தது, ஆனால் பட்டியல் சரியாக இருந்தது. அதனால்தான் திருத்திய காலணியை விற்க அவருக்கு ஆள் இருந்தது. தலைகீழாக, அருமையான காலணியும் பொருத்தமில்லாத பட்டியலும் இருந்திருந்தால் அவர் பெயர் நம் வரைக்கும் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சிறுசந்தை என்று சொல்லும்போது பலரும் அதை ஆட்களின் ஒரு குணமாக மட்டுமே புரிந்துகொள்கிறார்கள். இடதுகைப் பழக்கம் உள்ளவர்களை எடுத்துக்கொள்வோம். மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அப்படி. வலதுகைக்கென்று செய்த கத்தரிக்கோல் அவர்களை உண்மையிலேயே தொல்லைப்படுத்துகிறது. தேவையும் இருக்கிறது, எண்ணிக்கையும் இருக்கிறது. ஆனால் இடதுகைக்காரர்கள் என்பதற்காகவே அவர்கள் ஓரிடத்தில் கூடுவது மிக அரிது. இடதுகைக்காரர் அல்லாத ஒன்பது பேருக்கும் சேர்த்து விளம்பரச் செலவு செய்துதான் அந்த ஒருவரை அடைய முடியும். அதே கத்தரிக்கோலை 'தையல் கற்கும் இடதுகைக்காரர்கள்' என்று சுருக்கினால் கதை மாறுகிறது. தையல் பயிற்சி நிலையங்கள் எங்கே என்று தெரியும், பயிற்றுநர்கள் யார் என்று தெரியும், தம் வகுப்பில் யார் திணறுகிறார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கூட்டம் சிறுத்தாலும் அதை எட்டும் செலவு அதைவிட அதிகமாகச் சுருங்கிவிடுகிறது. எனவே ஒரு குணத்தோடு, அவர்கள் கூடும் இடமும் சேர்ந்தால்தான் அதைச் சந்தை என்று நான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் மைப்பேனாக்களை அஞ்சலில் விற்றுக்கொண்டிருந்தார். பேனாவில் அவருக்கு உண்மையான ஈடுபாடு உண்டு. நிப்பைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசுவார். வியாபாரமோ நொண்டியடித்தது. அதே பேனாக்களைப் பெரிய நிறுவனங்கள் அவரைவிடக் குறைந்த விலைக்கு விற்றன. பரிசாக வாங்கியவர்கள் மறுபடி வரவில்லை. அவருடைய கணக்குப் புத்தகத்தைவிட எனக்கு அதிகம் பயன்பட்டது, அவர் ஒரு காலணிப் பெட்டியில் போட்டு வைத்திருந்த கடிதங்கள்தான். விற்பனை இல்லை என்பதால் அவற்றை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. பிரித்துப் படித்தபோது, பேனா வாங்க விரும்பாதவர்களே அதிகம் எழுதியிருந்தார்கள். தாத்தா விட்டுச்சென்ற பேனா மை எடுக்கவில்லை, உள்ளே இருக்கும் ரப்பர் உடைந்துவிட்டது, அது மட்டும் கிடைக்குமா என்று கேட்டவர்கள் பலர்.

பழைய நெம்புகோல் பேனாவின் பக்கவாட்டில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதைத் தூக்கினால் உள்ளே ஒரு தகடு ரப்பர் பையை அமுக்கும். விட்டால் பை விரிந்து மையை உறிஞ்சிக்கொள்ளும். வால்டர் ஷேஃபர் 1908இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பைப் பின்னர் பல நிறுவனங்களும் கையாண்டன. உடல் கெடாது, நிப்பு கெடாது, அந்த ரப்பர் பை மட்டும் ஆண்டுக்கணக்கில் இறுகிப் பொடிந்துவிடும். மாற்றுப் பைகளின் அகலத்தை அங்குலத்தின் 64இல் ஒரு பங்கால் அளந்து எண் இடுகிறார்கள். 16ஆம் எண் பை என்றால் கால் அங்குலம். அதை ஒட்டுவதற்கு அரக்குக் கரைசல், ஏனெனில் பிறகு கழற்ற வேண்டியிருந்தால் இளஞ்சூட்டில் அது விட்டுக்கொடுக்கும். இவ்வளவையும் நான் அந்தக் கடிதங்களிலிருந்தும் அவர் வாயிலிருந்தும்தான் கற்றேன். எனக்குத் தெரிந்தது, இவை எடையில்லாதவை, உடையாதவை, சாதாரண உறையில் போகக்கூடியவை என்பது மட்டுமே.

அவர் பேனா விற்பனையை ஓரமாக வைத்துவிட்டுப் பைகளையும் அரக்கையும் சிறு உறைகளில் விற்கத் தொடங்கினார். முதல் சில மாதங்களில் ஒரே சிக்கல்தான்: வாங்குகிறவருக்குத் தம் பேனாவின் எண் தெரியாது, தவறான அளவு போய்த் திரும்பி வரும். அதற்கு அவர் கண்ட வழியை இன்றும் பிறருக்கு எடுத்துச் சொல்கிறேன். தடித்த அட்டையில் வெவ்வேறு விட்டத்தில் வரிசையாகத் துளையிட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் எண்ணை அச்சிட்டு, கேட்டு எழுதுபவர்களுக்கு இலவசமாக அனுப்பினார். பேனாவைக் கழற்றி, பை மாட்டும் கழுத்தை அந்தத் துளைகளில் நுழைத்துப் பார்த்து, பொருந்தும் எண்ணை எழுதி அனுப்பினால் போதும். திரும்பி வரும் உறைகள் வெகுவாகக் குறைந்தன. அதோடு, அந்த அட்டையை யாரும் தூக்கி எறியவில்லை. அவருடைய முகவரி அச்சிட்ட ஒரு கருவி பழைய பேனா வைத்திருப்பவர்களின் மேசையில் தங்கிவிட்டது. விளம்பரத்துக்காக அவர் அதைச் செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை.

ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும், அதில் எனக்கும் பங்கு உண்டு. மொத்தமாக வாங்கினால் கொள்முதல் விலை நன்றாக இறங்குகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியவன் நான். இரப்பர்ப் பால் பொருள் என்பதால் பை அடுக்கில் இருந்தாலும் வயதாகும் என்பதை நான் யோசிக்கவில்லை. கடைசியில் ஒரு பெட்டி நிறைய இறுகிய பைகளைக் கொட்ட வேண்டியதாயிற்று. கொள்முதல் தள்ளுபடி என்ற எண்ணைப் பார்த்ததும், இந்தச் சரக்கு எத்தனை மாதத்தில் தீரும் என்று கேட்பது அதற்குப் பிறகுதான் எனக்குப் பழக்கமானது.

பொருள் யோசனைக்கு வேறு வழிகளும் உண்டு. தீர்ந்துபோய் மறுபடி வாங்க வேண்டியவை, பெரிய நிறுவனங்கள் உற்பத்தியை நிறுத்திவிட்டவற்றுக்கான உதிரிகள், வழக்கமான அளவில் பொருந்தாதவர்களுக்கான அளவுகள், பெயர் பொறித்துத் தருபவை ஆகியவை சிறு முதலுக்கு ஏற்றவை. பெயர் பொறிப்பதில் லில்லியன் வெர்னன் நல்ல முன்னுதாரணம். 1951இல் திருமணப் பரிசாகக் கிடைத்த 2,000 டாலரைக் கொண்டு, முதலெழுத்துகள் பொறித்த தோல் கைப்பைக்கும் இடைவாருக்கும் இளம்பெண்களுக்கான ஓர் இதழில் 495 டாலருக்கு விளம்பரம் கொடுத்தார். வந்த ஆர்டர்களின் மதிப்பு 32,000 டாலர். பெயர் பொறித்த பொருளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்தில் தொலைவழி வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமல் 14 நாட்களுக்குள் திருப்ப நுகர்வோருக்கு உரிமை உண்டு, ஆனால் ஒருவருக்கென்றே செய்த பொருளுக்கு அது பொருந்தாது. வணிகருக்கு இது பாதுகாப்பு. பெயரில் ஓர் எழுத்தைப் பிழையாகப் பொறித்துவிட்டாலோ, அந்தப் பொருளை வேறு யாருக்கும் விற்க முடியாது.

எடையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பல கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாக எடுத்துக்கொள்கின்றன. உண்மை எடையைவிட அது கூடுதலாக இருந்தால் அதற்கே கட்டணம். 40, 30, 20 சென்டிமீட்டர் பெட்டியில் ஒரு கிலோ தலையணையை வைத்தால் 4.8 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். மாதிரியைக் கையில் தூக்கிப் பார்த்து "லேசாகத்தான் இருக்கிறது" என்பவர்கள் பெட்டியை அளந்து பார்ப்பதில்லை.

கணக்குக்கு வருகிறேன். விற்பனை விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் 30, பொதியும் அஞ்சலும் 20, பணம் பெறும் கட்டணம் 3, திரும்புவதற்கும் சேதத்துக்கும் 7 போனால் மீதி 40. ஒரு கடிதத்துக்கு 0.5 செலவு என்றால் 1,000 கடிதங்களுக்கு 500 ஆகும். அதற்கு 12 ஆர்டர் வந்தால் ஓர் ஆர்டரைப் பிடிக்க ஏறத்தாழ 42 செலவாகியிருக்கிறது. கையில் நிற்பது 40. அதாவது ஒவ்வொரு முதல் ஆர்டரிலும் சிறு நஷ்டம். இந்த இடத்தில் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள், சிலர் கவனிக்காமலே தொடர்கிறார்கள். அதே ஆள் இரண்டாம் முறை வாங்கும்போது அவரைத் தேட ஆகும் செலவு பெரும்பாலும் இல்லை என்பதால், 40இல் அநேகமாக முழுவதும் தங்கும். மறுபடி வாங்க எதுவும் இல்லாத ஒற்றைப் பொருளோடு தொடங்குகிறவருக்கு அந்த இரண்டாம் ஆர்டரே கிடையாது. ஆகவே புதிய யோசனையோடு வருபவரிடம் நான் கேட்கும் இரண்டாவது கேள்வி, "இதை வாங்கியவர் ஆறு மாதம் கழித்து உங்களிடம் எதை வாங்குவார்?" என்பது.

சோதித்துப் பார்ப்பவர்கள் எண்களை நம்பும் விதத்திலும் ஒரு கோளாறு உண்டு. ஒவ்வொரு விளம்பரத்திலும் பதில் முகவரியில் வெவ்வேறு குறியெண் இட்டு, எந்த விளம்பரத்தால் எத்தனை ஆர்டர் வந்தது என்று பிரித்தறியும் முறை இந்தத் தொழிலில் நூறாண்டுக்கும் மேற்பட்ட பழக்கம். அதை இன்றும் யாரும் விட வேண்டியதில்லை. ஆனால் ஒரு கடிதத்துக்கு 12 பதிலும் மற்றொன்றுக்கு 15 பதிலும் வந்தால் இரண்டாவது மேலானது என்று உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை அதன் இயல்பான ஊசலாட்டமாகக் கொள்வது நல்ல கைக்கணக்கு. 12க்கு அது மூன்றரை. அதே கடிதத்தை அதே போன்ற 1,000 பேருக்கு மறுபடி அனுப்பினால் 9 வந்தாலும் 15 வந்தாலும் வியப்பதற்கில்லை. இரண்டு மடங்கு வித்தியாசம் தெரியும் வரை, சொற்களை மாற்றிப் பார்ப்பதைவிடப் பட்டியலை மாற்றிப் பார்ப்பது நல்லது. சுமாரான கடிதம் சரியான ஆட்களிடம் போனால் ஏதோ விற்கிறது. பொருந்தாத ஆட்களிடம் போகும் அழகான கடிதத்துக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

மைப்பேனாக்காரர் இப்போது காலணிப் பெட்டிக்குப் பதிலாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். தம்மிடம் இல்லாத எதையாவது ஒருவர் கேட்டால் தேதியோடு அதில் எழுதிக்கொள்கிறார். ஒரே பொருளை ஐந்து பேர் கேட்டால் அதன் எதிரே சிவப்பு மையில் கோடு இழுக்கிறார். சென்ற முறை நான் பார்த்தபோது கோடு விழுந்திருந்தது, நெம்புகோலை அதன் இடத்தில் பிடித்து நிறுத்தும் மெல்லிய கம்பி வளையத்துக்கு. அதை யார் செய்து தருவார்கள் என்று இரண்டு பட்டறைகளுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார், முதல் கொள்முதலாக 50 வளையங்கள் மட்டும்.