போர்வெல் ரிக் வேலையில் விபத்து: எவ்வளவு இழப்பீடு, எங்கே கேட்பது?

ரிக் என்னும் துளையிடும் வண்டி டி.என். 34, திருச்செங்கோட்டுப் பதிவு. போர் போடுகிற இடம் கர்நாடகமாகவோ மத்தியப் பிரதேசமாகவோ இருக்கும். துளையிடும் இரும்பு ராடு மாட்டுகிறவர் சத்தீஸ்கர், ஒடிசா, ஜார்கண்ட் பக்கத்து இளைஞர். முன்பு கொங்குப் பகுதி ஆட்களே நிறைந்திருந்த இந்தத் தொழிலில் உதவியாளர் வேலை பெரும்பாலும் வடமாநிலத்தவர் கைக்குப் போய்விட்டது. விபத்து நடந்தால் மூன்று மாநிலங்களில் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல், கொடுத்ததை வாங்கிக்கொண்டு குடும்பங்கள் ஊர் திரும்புகின்றன. சட்டம் அவர்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் குழாய்க் கிணறு அமைத்தல், இயக்குதல், பழுதுபார்த்தல் ஆகிய வேலைகளைப் பெயர் சொல்லியே தன் அட்டவணையில் சேர்த்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020 பிடித்துக்கொண்டது. இழப்பீட்டுச் சூத்திரம் மாறவில்லை. இத்தனை பேர் வேலை செய்தால்தான் பொருந்தும் என்ற வரம்பு இதில் கிடையாது. ஒற்றை வண்டி வைத்திருப்பவரும் பொறுப்பாளிதான். இ.எஸ்.ஐ. என்னும் அரசுத் தொழிலாளர் காப்பீட்டில் சேர்க்கப்பட்ட தொழிலாளி மட்டும் அங்கேதான் பலன் பெற வேண்டும், இரண்டையும் கேட்க முடியாது.

கணக்கு இப்படி. இறந்தால் மாத ஊதியத்தில் 50 சதவீதத்தை வயதுக்கேற்ற காரணியால் பெருக்க வேண்டும். நிரந்தரமாக முழுவதும் முடங்கினால் 60 சதவீதம். 2020 ஜனவரி 3 அறிவிப்பின்படி ஊதியம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுக்கும் உச்சம் 15,000 ரூபாய். வயது 20 என்றால் காரணி 224.00, 25-க்கு 216.91, 30-க்கு 207.98, 40-க்கு 184.17. ஆக, 15,000 சம்பளத்தில் இருந்த 25 வயதுத் தொழிலாளி இறந்தால் 7,500 × 216.91 = 16,26,825 ரூபாய். அவரே முழுவதும் முடங்கினால் 19,52,190. பகுதி ஊனத்துக்கு அட்டவணை சதவீதம் உண்டு. ராடு மாட்டும்போது அடிக்கடி போவது விரல்தான்: கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. இதே 25 வயதுக்காரருக்குக் கட்டைவிரலின் மதிப்பு 19,52,190-இல் 30 சதவீதம், அதாவது 5,85,657 ரூபாய். ஐம்பதாயிரத்தில் பேசி முடிக்கப்படுவது இந்தத் தொகையைத்தான்.

எலும்பு முறிந்து சில மாதம் படுத்திருந்தால், அரை மாதத்துக்கு ஒருமுறை மாத ஊதியத்தில் 25 சதவீதம் தர வேண்டும், அதிகபட்சம் 5 ஆண்டு வரை. முடக்கம் 28 நாளுக்குக் குறைவாக இருந்தால் முதல் 3 நாளுக்குக் கிடையாது. மருத்துவமனைச் செலவு இதில் கழிக்கப்படாது. உண்மையான செலவை முதலாளி தனியாகத் தர வேண்டும். பில்களைத் தொலைக்காதீர்கள்.

இனி, வழக்குகள் எங்கே இடறுகின்றன என்பது. முதல் இடறல் ஊதியம். ரிக் வேலையில் சம்பளம் ஒரே இனமாக வருவதில்லை. மாதத் தொகை கொஞ்சம், துளையிட்ட ஆழத்தில் ஓர் அடிக்கு இவ்வளவு என்று கொஞ்சம், பேட்டா, சாப்பாடு, முன்பணம். பேரேட்டில் 8,000 என்று மட்டும் எழுதியிருந்தால் இழப்பீடு பாதியாகிவிடும். புதிய தொகுப்பில் கமிஷன் ஊதியத்தில் சேராது. ஆனால் சேராத இனங்கள் மொத்த வரவில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே எடுக்கப்படும். அடிக்கணக்குப் பணத்தை முதலாளி எந்தப் பெயரில் எழுதினாலும் இந்த விதியைச் சுட்டிக்காட்டலாம். அந்தப் பணம் வங்கிக்கோ ஜி-பே வழியாகவோ வந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. தொடர்ந்து 12 மாதம் வேலை செய்தவருக்கு அந்த 12 மாத ஊதியத்தின் சராசரிதான் மாத ஊதியம். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவருக்கு, அதே வேலையை அதே முதலாளியிடம் செய்பவரின் வரவை வைத்துக் கணக்கிடுவார்கள்.

அடுத்தது, வேலையில் இருந்தார் என்பதற்கான சாட்சியம். பணி நியமனக் கடிதம் யாரும் தருவதில்லை. கிணறு தோண்ட உள்ளாட்சி தந்த அனுமதி, நிலத்துக்காரருக்குக் கொடுத்த அடிக்கணக்கு பில், வண்டியில் எடுத்த படங்கள், மேனேஜரின் வாட்ஸ்அப் செய்தி, முதல் தகவல் அறிக்கை இவையெல்லாம் எடுபடும். முதல் தகவல் அறிக்கையில் ‘கால் தவறி விழுந்தார்’ என்று மொட்டையாக எழுதவிடக் கூடாது. எந்த வண்டி, எந்த முதலாளி, என்ன வேலை செய்யும்போது, வண்டியின் உயரமான மாஸ்ட் கம்பம் மின்கம்பியில் பட்டதா, ஏர் ஹோஸ் என்னும் காற்றுக் குழாய் கழன்று அடித்ததா என்பது வர வேண்டும்.

ஆள் குறைந்தால் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு ஆளை அனுப்புவது இந்தத் தொழிலில் சகஜம். அப்படித் தற்காலிகமாக இரவல் போனவருக்கு, 1923 சட்டப்படி, அந்த நேரத்தில் வேலை வாங்கியவரே முதலாளி. இரு முதலாளிகளும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். மனுவில் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பதே புத்திசாலித்தனம். போர் போடச் சொன்ன விவசாயியை இழுப்பதில் பயனில்லை.

‘குடித்திருந்தான், ஹெல்மெட் போடவில்லை’ என்ற வாதம் கட்டாயம் வரும். குடிபோதை, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியது என்ற விலக்குகள் காயத்துக்கு உண்டு. மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அவை செல்லாது.

ஸ்டாம்ப் பேப்பர் சமரசம்தான் மிகப் பெரிய ஏமாற்று. இரண்டு லட்சம் கொடுத்து ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்து வாங்குவார்கள். உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டத்தில் செல்லாது. இறப்பு இழப்பீட்டை, இந்த வழக்குகளை விசாரிக்கும் அரசு அதிகாரியான ஆணையரிடம்தான் (புதிய தொகுப்பில் இவர் பெயர் ‘தகுதிவாய்ந்த அதிகாரி’) கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்த பணத்தால் பொறுப்பு தீராது. ரிக் உரிமையாளர்களும் இதைக் கவனிக்க வேண்டும், ஒரே விபத்துக்கு இரண்டு முறை பணம் போகும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி, தகுந்த காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதம். காப்பீடு இருந்தாலும் அபராதம் முதலாளியின் பையிலிருந்துதான். வண்டியின் வழக்கமான மோட்டார் பாலிசி வண்டியில் உள்ள அத்தனை பேரையும் தானாகக் காக்கும் என்று நம்ப வேண்டாம். எத்தனை தொழிலாளருக்குக் கூடுதல் பிரீமியம் கட்டியிருக்கிறது என்பதைப் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே மனு? விபத்து நடந்த இடம், மனுதாரர் வழக்கமாக வசிக்கும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் உள்ள இடம், இந்த மூன்றில் எதுவும் சரி. சத்தீஸ்கர் தாய் அங்கேயே மனுச் செய்யலாம், தமிழ்நாட்டுக்கு அலைய வேண்டியதில்லை. விபத்து நடந்த 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் தாமதம் மன்னிக்கப்படும். இறந்தவர் மணமாகாதவர் என்றால், பெற்றோர் (விதவைத் தாய் தவிர) அவர் வருமானத்தை நம்பியிருந்ததைக் காட்ட வேண்டும். மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பிய பணத்தின் வங்கிக் குறிப்பு இதற்குப் போதும். காரணி வயதைப் பொறுத்தது என்பதால், ஆதாரில் பிறந்த ஆண்டு தவறாக இருந்தால் பள்ளிச் சான்றிதழையும் சேர்த்து வையுங்கள்.

நோயும் இதில் அடங்கும் என்பது பலருக்குத் தெரியாது. பாறை உடைந்து பறக்கும் தூசியால் வரும் சிலிக்கோசிஸ், கம்ப்ரஸர் இரைச்சலால் வரும் காது கேளாமை இரண்டும் தொழில் நோய்ப் பட்டியலில் உள்ளன. காதுக்கு ஒரே முதலாளியிடம் குறைந்தது 6 மாதத் தொடர் வேலை வேண்டும். சிலிக்கோசிஸ் பல ஆண்டுத் தூசியால் வருவது என்பதால், அதற்கு முன்பு வேலை கொடுத்த எல்லா முதலாளிகளும் ஆணையர் சொல்லும் விகிதத்தில் பொறுப்பாவார்கள். அதனால் எந்த ஆண்டு எந்த வண்டியில் இருந்தீர்கள் என்பதைப் பதிவு எண்ணோடு எழுதிவைப்பது நல்லது.