ஜூபிலி: ஒரு சொல்லும் கடன் விடுதலையும்

ஜூபிலி என்றதும் நமக்கு விழாதான் நினைவுக்கு வரும். 25 ஆண்டு என்றால் வெள்ளிவிழா, 50 என்றால் பொன்விழா. ஒரு படம் 175 நாள் ஓடினாலே ‘சில்வர் ஜூபிலி’ என்று சுவரொட்டி ஒட்டியவர்கள் நாம். அதனால் ‘ஜூபிலி 2000’ என்ற பெயரைப் படிக்கும் தமிழர், புத்தாயிரத்தைக் கொண்டாட வந்த விழாக்குழு என்றே எண்ணிவிடக்கூடும். உண்மையில், ஏழை நாடுகள் வெளியாரிடம் பட்ட கடனை நீக்கச் சொல்லிப் போராடிய இயக்கம் அது. 1998 மே 16 அன்று, ஜி8 என்ற எட்டு வலிய நாடுகளின் மாநாடு நடந்த இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஏறத்தாழ 70,000 பேர் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள்.

சொல்லின் வேர் எபிரேயத்தில் இருக்கிறது. ‘யோபேல்’ என்றால் ஆட்டுக்கடா. அதன் கொம்பில் செய்த ஊதுகொம்புக்கும் அதே பெயர். ஏழேழு 49 ஆண்டு கழிந்து 50ஆம் ஆண்டு வரும்போது அந்தக் கொம்பை ஊத வேண்டும். வறுமையால் தன்னையே விற்றவர் தம் குடும்பத்திடம் திரும்புவார். விற்ற பூர்விக நிலம் மறுபடி கைக்கு வரும். விவிலியத்தின் லேவியராகமம் நூல், 25ஆம் அதிகாரத்தின் சட்டம் இது. பழைய தமிழ் விவிலியம் ‘யூபிலி வருஷம்’ என்று மூலச் சொல்லையே வைத்துக்கொண்டது. லத்தீனுக்குப் போன இடத்தில், ‘மகிழ்ந்து ஆரவாரித்தல்’ என்று பொருள்படும் ‘யூபிலாரே’ என்ற வேறொரு சொல்லின் ஒலி இதோடு கலந்தது. கொண்டாட்டப் பொருள் வலுத்து, விடுதலைப் பொருள் மங்கியது அப்படித்தான்.

இதைவிடப் பழையது சுமேரியச் சொல்லான ‘அமர்கி’. கடனடிமைகளை விடுவிக்கும் அரச ஆணையைக் குறித்த இதற்கு நேர்ப்பொருள் ‘தாயிடம் திரும்புதல்’. கடனுக்கு ஈடாகப் போன பிள்ளை அம்மாவிடம் வந்து சேர்வதை நினைத்துப் பாருங்கள். இந்தப் பொருளில் இதைவிட நல்ல சொல்லை நான் எந்த மொழியிலும் கண்டதில்லை.

1990களின் தொடக்கத்தில் கீல் பல்கலைக்கழக ஆசிரியர் மார்ட்டின் டென்டும், ஓய்வுபெற்ற தூதர் பில் பீட்டர்ஸும் தம் இயக்கத்துக்கு ஜூபிலி என்ற பெயரை எடுத்தபோது, விழாவுக்குள் புதைந்திருந்த பழம்பொருளைத்தான் தோண்டியெடுத்தார்கள்.

சரி, ஒரு நாட்டின் கடனை இப்படி நீக்குவதைத் தமிழில் என்ன சொல்வது? செய்தித்தாள்களில் ‘கடன் தள்ளுபடி’ என்று வருகிறது. ஆடி மாதத் துணிக்கடையிலும் தள்ளுபடிதான், நீதிமன்றம் மனுவை ஒதுக்கினாலும் தள்ளுபடிதான். ‘நிவாரணம்’ வடமொழிச் சொல். வெள்ள நிவாரணம், புயல் நிவாரணம் என்று பழகியதால், கடனும் வானத்திலிருந்து விழுந்த இடர்போலத் தோன்றிவிடுகிறது. அரபு மூலமுள்ள ‘ரத்து’ பொருளில் சரி, ஆனால் பேருந்து சேவையை நிறுத்துவதுபோல் ஒலிக்கிறது. ‘கடன் மீட்பு’ என்று எழுதவே கூடாது; வங்கி கடனை வசூலிப்பது என்று ஆகிவிடும்.

‘மறுசீரமைப்பு’ வேறு. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிக்கடனைச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அறிவித்தபின் அங்கே அதிகம் அடிபட்ட சொல் அது. தவணையை நீட்டலாம், வட்டியைக் குறைக்கலாம், அசலில் ஒரு பகுதியை வெட்டலாம். எல்லாம் இதற்குள் அடங்கும். எவ்வளவு குறைந்தது என்பதை அந்தச் சொல் சொல்லாது.

என் தேர்வு ‘கடன் விடுதலை’. தள்ளுபடி செய்பவர் கடன் கொடுத்தவர். விடுதலை பெறுபவர் கடன்பட்டவர். வினை யாருடையது என்பது முக்கியம்.

இதற்கு மறுப்பு வருவதும் தமிழிலிருந்தே. நமக்குக் ‘கடன்’ என்பது கடமையும்கூட. நேர்த்திக்கடனைத் தீர்க்காமல் விட மனம் வருமா? வாங்கியதைக் கொடுக்கத்தானே வேண்டும் என்று நல்ல மனிதர்களே கேட்கிறார்கள். அவர்களுக்குச் சாம்பியாவைக் காட்டுவேன். 1979இல் வேளாண் கருவிகளுக்காக ருமேனியாவிடம் அந்நாடு வாங்கிய கடனை, 1999இல் டோனகல் என்ற நிறுவனம் ஏறக்குறைய 33 லட்சம் டாலருக்கு வாங்கியது. பிறகு 5.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 2007இல் லண்டன் நீதிமன்றம் சுமார் 1.5 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. 1979இல் பிறந்திராத பிள்ளைகளின் பணமும் அதில் சேர்ந்தது. அவர்கள் யாருக்கு என்ன கடன்பட்டார்கள்? டோனகல் போன்றவற்றை ஆங்கிலத்தில் பிணந்தின்னிக் கழுகின் பெயரால் அழைக்கிறார்கள். வெறும் ‘கழுகு நிதி’ என்றால் இரை வேட்டையாடும் கழுகுதான் தோன்றும். நம்மிடம் ‘பாறு’ என்ற பழஞ்சொல் இருக்கிறது, ‘பாறு நிதி’ என்றே எழுதலாம்.

அதே சாம்பியாவுக்கு 2005இல் பெரிய அளவில் கடன் விடுதலை கிடைத்தது. 2006 ஏப்ரலில் கிராமப்புற மருத்துவ நிலையங்களில் நோயாளிகளிடம் வாங்கிவந்த கட்டணத்தை அரசு நீக்கியது. கைக்குழந்தையோடு வந்த தாய் காசு கட்டாமல் உள்ளே போக முடிந்தது.