யூக்காவின் வேர் எப்படி மூச்சு விடுகிறது?

முருங்கைப் போத்து நட்டவர்களுக்கு யூக்கா என்னும் அலங்காரத் தொட்டிச் செடி புதிராக இருக்காது. கை மொத்தத்தில் ஒரு கிளையை வெட்டி, மேல்வெட்டில் சாணியை அப்பி மண்ணில் ஊன்றினால் சில வாரங்களில் பக்கவாட்டில் துளிர்க்கிறது. நர்சரியில் விற்கும் யூக்காவும் அப்படி அறுத்தெடுத்த கட்டைதான். சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். சாணிக்குப் பதிலாக அதன் தலையில் மெழுகு தடவியிருப்பார்கள். இரண்டுக்கும் வேலை ஒன்றே: வெட்டுவாயில் ஈரம் போகாமலும் பூஞ்சை நுழையாமலும் அடைப்பது. நுனிக்குருத்து இருக்கும்வரை அது சுரக்கும் ஆக்சின் என்னும் ஹார்மோன் கீழேயுள்ள மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியை அறுத்ததும் தடை நீங்கி, உறங்கிக் கிடந்த மொட்டுகள் இரண்டு மூன்று இலைக்கொண்டைகளாகக் கிளம்புகின்றன.

பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கரீபியன் தீவுகளில் மரவள்ளிக்குத்தான் யூக்கா என்று பெயர். இரண்டையும் ஒன்றென்று எண்ணிய பழைய தவறு 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயரிலும் நிலைத்துவிட்டது. இந்தச் செடியின் வேர் சமையலுக்கானது அல்ல. இலையில் சபோனின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால் பூனை, நாய் கடிக்காதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தடித்த கட்டை ஒரு தண்ணீர்ச் சேமிப்பு. பத்துப் பதினைந்து நாள் ஊற்ற மறந்தாலும் செடி தாங்கும். தாங்காதது அதற்கு நேர்மாறானது. தண்டையார்பேட்டையில் எங்கள் மாடி வராந்தாவில் இருந்த முதல் யூக்காவின் கட்டையை ஓர் ஐப்பசி மாதத்தில் பறிகொடுத்தேன். கீழிலைகள் மஞ்சளானதைப் பார்த்து, வாடுகிறது என்று இன்னும் ஊற்றினேன். ஒருநாள் அடிக்கட்டையை அழுத்தினால், கனிந்த வாழைப்பழத்தில் போவதுபோல் விரல் உள்ளே போனது. தொட்டியிலிருந்து உருவினேன், சாக்கடை நாற்றம். ஒரு வேரைப் பிடித்து இழுத்தபோது மேல்தோல் உறைபோல் கழன்று கையோடு வந்தது. உள்ளே நூல் போன்ற நடுப்பகுதி மட்டும் நின்றது.

வேருக்கும் மூச்சு உண்டு. இலையிலிருந்து இறங்கி வரும் சர்க்கரையை ஆக்சிஜனைக் கொண்டு எரித்துத்தான் அது வளரவும் உப்புகளை உறிஞ்சவும் ஆற்றல் பெறுகிறது. மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றறைகள் வழியாக அந்த ஆக்சிஜன் வருகிறது. அறைகளில் நீர் நிரம்பினால் அது நீருக்குள் ஊர்ந்து வர வேண்டும். காற்றில் பரவுவதைவிட இது சுமார் 10,000 மடங்கு மெதுவு. திணறும் வேரில் பித்தியம், ஃபைட்டோப்தோரா போன்ற அழுகல் கிருமிகள் எளிதில் புகுந்துவிடும். வேர் செத்தபின் தண்ணீர் மேலே ஏறாது. ஈரத்தில் நின்றுகொண்டே இலை வாடும். அதைத் தாகம் என்று நினைத்து, நான் செய்ததைப்போலவே, அன்போடு ஊற்றிக் கொல்கிறோம்.

தொட்டியில்தான் ஓட்டை இருக்கிறதே, மிச்சம் வடிந்துவிடாதா? பாத்திரம் தேய்க்கும் புதுப் பஞ்சு ஒன்றை நன்றாக நனைத்து, கிடைமட்டமாகப் பிடித்துப் பாருங்கள். சொட்டுவது நின்றதும், பிழியாமல், அப்படியே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் சொட்டும். நுண்துளைகளின் பிடிப்பு புவியீர்ப்புக்கு ஈடுகொடுக்கும் உயரம்வரை அடியில் ஓர் ஈர அடுக்கு தங்கிவிடுகிறது. பஞ்சை எப்படிப் பிடித்தாலும் அந்த உயரம் ஏறக்குறைய மாறாது. நிமிர்த்தும்போது அடிப்பரப்பு குறுகுவதால் தங்கும் நீர் குறைகிறது, மிச்சம் சொட்டுகிறது. தொட்டி மண்ணிலும் இதுவே நடக்கிறது. மண் பொடியாக இருக்க இருக்க ஈர அடுக்கு உயரும். குட்டையான தொட்டியில் அது வேர்ப்பகுதி முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

அடியில் ஜல்லி போட்டால் வடியும் என்று பலரும் சொல்வார்கள். நானும் போட்டிருந்தேன். பொடி மண்ணின் இறுக்கமான பிடியிலிருந்து நீர் ஜல்லியின் அகன்ற இடைவெளிக்குள் எளிதில் இறங்காது; ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேருக்கு இருந்த இடமும் குறைந்துபோகும். ஓட்டையை மண் அடைக்காமலிருக்க ஓர் ஓட்டுச் சில்லு போதும். மாற்ற வேண்டியது மண்ணை, மேலிருந்து கீழ்வரை. செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, கழுவிய பருமணலும் பட்டாணி அளவு செங்கல் துண்டுகளும் சேர்ந்து இரண்டு பங்கு என்று இப்போது கலக்கிறேன். செங்கல் தூளைச் சலித்து எறிந்துவிட வேண்டும். சுட்ட மண் தொட்டியானால் பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும்.

எப்போது ஊற்றுவது என்பதற்கு விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, அரைத் தொட்டி ஆழம்வரை செருகி எடுத்துப் பார்க்கிறேன். மண் ஒட்டி வந்தால் ஊற்றுவதில்லை. ஊற்றினால் ஓட்டை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுகிறேன். அந்தத் தட்டுத் தண்ணீர் டெங்கு கொசு முட்டையிடும் இடமும்கூட.

குளிர்நாட்டுக் குறிப்புகள் பனிக்காலத்தில் தண்ணீரைக் குறைக்கச் சொல்கின்றன. சென்னைக்குக் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. காற்றில் ஈரம் மிகுந்து, வெயில் மங்கிய அந்த மாதங்களில்தான் நம் தொட்டி காயாது. கடற்காற்று உள்ளே வராமல் மேல்காற்று வாட்டும் மே மாதத்தில் அதே தொட்டி நான்கைந்து நாளில் காய்ந்துவிடும்.

வெளிச்சமும் இதே கணக்கில் சேர்ந்தது. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் என்னும் அலகில் உச்சிவெயில் ஒரு லட்சம் வரை இருக்கும். நெருக்கமான தெருவில் உள்ள வீட்டின் கூடத்து மூலையில் நூறு தேறினால் அதிகம். நம் கண் பழகிக்கொள்வதால் வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. இருட்டில் இலை சர்க்கரை தயாரிப்பதும் குறைவு, நீர் குடிப்பதும் குறைவு. மூலையில் வைத்துவிட்டு வராந்தாச் செடிக்கு ஊற்றுவதுபோல் ஊற்றினால் வேர் அழுகும். கிரில் ஓரம் நல்ல இடம். ஆனால் உள்ளே இருந்ததைத் திடீரென்று வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் கருகும். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஓடும் எங்கள் பக்கத்தில் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிறேன். துணி கறுத்து வருகிறது. அவ்வளவு தூசு வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருந்தது என்று பொருள்.

இலை நுனி மட்டும் பழுப்பாகக் காய்ந்தால் நான் முதலில் சந்தேகிப்பது தண்ணீரின் உப்பை. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது தெரிந்த செய்தி. கடலோரத்தில் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கரிக்கிறது. இலை நீரை ஆவியாக விட்டுவிடும், உப்பு நுனியில் தங்கிவிடும். தொட்டி விளிம்பில் பூக்கும் வெண்படலமும் அதுவே. மழைநீரைப் பிடித்துத் தொட்டிக் கொள்ளளவைப்போல் இரு மடங்கு ஊற்றி வடியவிட்டால் உப்பு கரைந்து வெளியேறும்.

அழுகிய என் யூக்காவில் ஒரு கொண்டை மட்டும் கெட்டியாக இருந்தது. வெட்டுமுகம் கறையில்லாத வெண்மையாகும்வரை மேலே மேலே அறுத்து, கீழிலைகளை உருவிவிட்டு, வெட்டுவாய் காய ஒரு வாரம் நிழலில் போட்டேன். பிறகு மணல் மிகுந்த கலவையில் ஊன்றி, இலேசாகத் தெளித்ததோடு சரி. தை பிறந்தபின் மெல்ல இழுத்துப் பார்த்தேன், மண் விடவில்லை. நடுவில் விரல் நீளத்துக்குப் புதுக்குருத்து ஒன்று சுருள் பிரியாமல் நின்றது. அன்றுதான் ஓட்டை வழியே வடியும்வரை அதற்குத் தண்ணீர் ஊற்றினேன்.